குனிந்து பார்த்தவர்

"காலையில வெளிக்கி ஒழுங்காப் போச்சாண்ணே?"

அவர் எனக்குச் சொன்ன முதல் வணக்கம் இது. கடைசிவரை வேறொரு வணக்கம் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. பிரதோஷ நாளில் நெற்றி நிறையத் திருநீறும், அக்குளில் பதிகப் புத்தகமும், மனத்தில் அப்போதுதான் கூட்டிக்கொண்ட ஒரு பண்ணுமாக அல்லிநகரத்துத் தெருவில் நான் நடந்துவரும்போது எதிர்ப்பட்டு, தெருவே கேட்கும்படி இதை விசாரிப்பார். பதில் சொல்லாமல் நகர முடியாது. "போச்சு" என்று முனகினால், "இறுக்கமா, இளக்கமா?" என்று அடுத்த கேள்வி தயாராக நிற்கும். நான் சிவனை நினைத்துக்கொண்டு வேகமாக நடப்பேன்.

ஊரில் அவரைச் சினை ஊசிக்காரர் என்பார்கள். மயிலாடும்பாறைப் பக்கத்துக்காரர். கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, பசுக்களுக்குச் சினை ஊசி போட்டே தலை நரைத்து, ஓய்வுக்குப் பிறகு எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடிவந்தவர். கம்பம் பள்ளத்தாக்கில் தம் கை நுழையாத பசு கிடையாது என்பார். அதைச் சொல்லும்போது வலக்கையைத் தோள்வரை நீட்டிக் காட்டுவார். பக்கத்தில் யாராவது காப்பி குடித்துக்கொண்டிருந்தால் இன்னும் கொஞ்சம் நீட்டுவார்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குப் புதுமனை புகுவிழா நடந்தது. பசுவையும் கன்றையும் உள்ளே ஓட்டி வந்தார்கள். புதுத் தரையின் பளபளப்பில் பசு மிரண்டு, கூடத்தின் நடுவே தாராளமாகச் சாணமிட்டது. வீட்டுக்காரரின் மனைவி மகிழ்ச்சியில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மகாலட்சுமியே வந்துவிட்டாள் என்று குருக்கள் மணியை அடித்தார். இவர் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டத்தை விலக்கி, அந்தச் சாணத்தின் முன்னால் குந்தினார். ஒரு குச்சியால் கிளறினார். முகர்ந்தார்.

"மகாலட்சுமி வந்தது இருக்கட்டும். வயித்துல புழுவும் இருக்கு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட்டியாரச் சொல்லுங்க" என்றார்.

வீட்டுக்காரர் முகம் வெளுத்தது. "நல்ல காரியத்துல ஏன்யா இந்த அசிங்கமெல்லாம்?" என்றார்.

"எது அசிங்கம்? நீங்க கன்னத்துல போட்டுக்கிட்டீகளே, அதே சாணிதான் இது."

அசிங்கம் என்ற சொல் அவருக்கு ஆகாது. யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே நிறுத்தி, எது, எங்கே, ஏன் என்று குறுக்கு விசாரணை செய்வார். பிறர் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பும் எதையும் குனிந்து பார்ப்பதே அவருடைய சுபாவம். அதைச் சுபாவம் என்று சொல்ல எனக்குப் பல காலம் ஆயிற்று. முதலில் நான் அதை வளர்ப்பின் கோளாறு என்றே எண்ணியிருந்தேன்.

எங்கள் திருமுறைக் கூட்டத்துக்கு அவர் வரத் தொடங்கியது பக்தியால் அல்ல. பெருங்குடலின் கடைக்கோடியில் புற்று வந்து, அறுவை முடிந்து, மருந்து ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது. பாட்டுக் கேட்டாலாவது மனம் தெளியும் என்று அவருடைய மனைவி பிடித்துத் தள்ளிவிட்டிருந்தார். இவர் சுண்டலுக்காக வருவதாக வெளிப்படையாகவே சொன்னார். மருத்துவர்கள் பழைய வழிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, வயிற்றின் இடப்பக்கம் புதிதாக ஒரு வழி திறந்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டியிருந்தார்கள். அந்தப் பைக்கு நேரம் காலம் தெரியாது. ஒரு நாள் நாங்கள் இருபது பேரும் பாடி முடித்துக் கண்மூடி அமர்ந்திருந்த நிசப்தத்தில், அது நீண்டதோர் ஒலி எழுப்பியது.

யாரும் கண் திறக்கவில்லை. அவரே பேசினார்: "மன்னிக்கணும். நான் பாடல. அவன் பாடுறான்."

அன்று நாங்கள் பாடியது, உடம்பை ஒன்பது வாசல் கொண்ட ஓட்டை வீடு என்று இகழும் வகைப் பாட்டு. கூட்டம் கலைந்தபின் என்னருகே வந்தார்.

"அண்ணே, ஒன்பது வாசல்னு கணக்கு வச்சிருக்கீக. எனக்குப் பத்து. பத்தாம் வாசலத் திறக்குறதுக்குச் சித்தருக எல்லாம் மூச்ச அடக்கிக்கிட்டு மலையில கிடந்தாகளாமே? எனக்கு மயக்க ஊசி போட்டு ஒரே காலையில திறந்துட்டாக."

நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, பூசையறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

என் கதையையும் இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும்; அது இல்லாமல் அவர் விளங்கமாட்டார். அப்போது எனக்கு ஏழெட்டு மாதமாக மலத்தோடு இரத்தம் போய்க்கொண்டிருந்தது. மூலச்சூடு என்று நானே முடிவு கட்டினேன். கருணைக்கிழங்கு மசியலும் மோரும் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுமாக அதற்கு நானே வைத்தியமும் செய்துகொண்டேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. நாள்தோறும் இறைவன் புகழைப் பாடும் ஒருவன், தன் ஆசனவாயைப் பற்றி எப்படி, எவரிடம் பேசுவது? இறைவனிடம் முறையிட்டேன். அங்கும் இடக்கரடக்கலோடுதான்.

ஒரு பிரதோஷத்தன்று தீபாராதனை முடிந்து, தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தேன். எதிரே அவர். கேட்காமல் கொள்ளாமல் கட்டை விரலை என் கன்னத்தில் ஊன்றி, கீழிமையைச் சரேலென்று இழுத்தார். பசுவின் கண்ணைப் பார்ப்பது போலவே பார்த்தார். பிறகு மற்றக் கண்.

"அண்ணே, கண்ணுல ரத்தமே இல்லையே. வெள்ளக் காகிதமாட்டம் இருக்கு. எங்கிட்டு ஒழுகுது?"

"ஒன்றும் இல்லை தம்பி. விரதம்."

"விரதத்துல இப்படி வெளுக்காது. முன்னாடி ஒழுகுதா, பின்னாடி ஒழுகுதா?"

இருபது பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அர்ச்சகர் விளக்கை மலையேற்றாமல் நின்றார். நான் சன்னிதியைப் பார்த்தேன். அங்கிருந்து உதவி வரவில்லை.

"பின்னாடி" என்றேன்.

"எம்புட்டு நாளா?"

"எட்டு மாதம்."

"எட்டு மாசமா அதுமேலதான் சம்மணம் போட்டு உக்காந்து பாடிக்கிட்டு இருந்தீகளா? நாளைக்குக் கிளம்புங்க."

குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பதற்கு முந்தின நாள், வயிற்றைக் கழுவுவதற்கென்று ஒரு மருந்தைக் குடம் குடமாகக் குடிக்கச் சொல்வார்கள். அவர் பிற்பகலிலேயே வந்து எங்கள் கூடத்தில் அமர்ந்துகொண்டார். நான் உள்ளே போகும்போதெல்லாம் வெளியிலிருந்து, "என்ன நிறம்?" என்று குரல் கொடுப்பார். என் மனைவி அடுக்களையில் முகத்தை மூடிக்கொண்டார். ஐந்தாம் முறைவரை நான் வாய் திறக்கவில்லை. ஒன்பதாம் முறை, என்னையறியாமல், "இளநீர் போல இருக்கிறது தம்பி!" என்று உள்ளிருந்தபடியே கூவினேன். "அப்படிப் போடுங்க! குடல் குளிச்சிருச்சு" என்று வெளியில் கைதட்டல் கேட்டது.

எனக்கும் புற்றுதான். ஆனால் என் கட்டி சிறியது. குடற்சுவரை அது தாண்டவில்லை. ஒரு சாண் குடலை வெட்டியெடுத்து, முனைகளை இணைத்துத் தைத்தார்கள். பை இல்லை, மருந்தும் இல்லை. ஒரு கட்டை விரலுக்கு நான் உயிர்க்கடன் பட்டேன்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்க வந்தபோது அவரிடம் கேட்டேன்: "ஊரார் சாணத்தையெல்லாம் குனிந்து பார்ப்பவர், உங்களுடையதை எப்படிக் கவனிக்காமல் விட்டீர்கள்?"

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வழக்கமான சத்தம் குரலில் இல்லை.

"யாரு கவனிக்கல? பாத்தேண்ணே. ஒரு வருசம் பாத்தேன். பாத்துட்டு, தண்ணிய ஊத்திட்டு வந்துட்டேன்."

அன்றிலிருந்து அவருக்கு மருந்து ஏற்றும் நாளிலெல்லாம் நான் உடன் போனேன். ஆட்டோவில் போய், அவர் கையில் ஊசி ஏறும்வரை பக்கத்தில் இருந்து, பிறகு ஓரமாக அமர்ந்து மெல்லிய குரலில் ஓதுவேன். அவருடைய மருத்துவர் இளம்பெண். போடியில் பிறந்து வளர்ந்தவர். அவரை இவர் தாயி என்றழைப்பார். அறுவையின்போது கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறார். "முழுசையும் எடுத்துக்கங்க, எனக்கு எதுக்கு?" என்று இவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தத் துண்டைப் பற்றிய செய்தி மருந்தின் நடுக்காலத்தில் வந்தது.

"ஐயா, உங்க கட்டிக்குள்ள ஒரு பாக்டீரியா நிறைய இருந்திருக்கு. ஃபியூசோபாக்டீரியம்னு பேர். அது சாதாரணமா வாயில, பல் ஈறுல வாழ்றது" என்றார் மருத்துவர்.

"வாய்லயா?"

"எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கும். சில பேருக்குக் குடல் கட்டியில போய்க் கூட்டமா உக்காந்துக்குது. அது நிறைய இருக்கிற கட்டி மருந்துக்குச் சரியா அடங்குறதில்ல, திரும்பி வர்ற வாய்ப்பும் கூடுதல்னு பாத்திருக்காங்க. அதுதான் கட்டிய உண்டாக்குச்சா, இல்ல கட்டி வந்தப்புறம் குடியேறுச்சான்னு இன்னும் உறுதியாச் சொல்ல முடியல. இதுக்குன்னு தனி வைத்தியமும் இப்போதைக்கு இல்ல. உங்களுக்குத் தெரியணும்னு சொன்னேன்."

அவருடைய வாயை நான் அறிவேன். புகையிலை ஊறிய வாய். மூன்று பற்கள் வேரோடு நின்றன. மற்றவை நிற்பதா விழுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் நாக்கால் அவற்றைத் தடவிப் பார்த்தார். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தார்.

"அண்ணே, கேட்டீகளா? நாப்பது வருசம் மாட்டுக்குப் பின்னாடி கைய விட்டவன் நான். கிருமி அங்கனருந்து வரும்னு தெனமும் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேச்சேன். களவாணிப்பய முன்வாசல் வழியாவுல்ல வந்திருக்கான்!"

அடுத்த பிரதோஷத்துக்குக் கூட்டத்தின் வாசலில் ஒரு செம்பு தண்ணீரோடு நின்றார். காலைக் கழுவிக்கொண்டு நுழைந்த ஒவ்வொருவரையும் மறித்து, "வாயக் கழுவியாச்சா?" என்றார். எங்கள் கூட்டத்தின் தலைமைப் பாடகருக்குக் கோபம் வந்தது. இறைவன் நாமம் சொல்லும் வாய் தானே தூய்மையாகிவிடும் என்றார்.

"அப்படியா? சாமியும் அந்த வாய்லதான் இருக்காரு, அவனும் அங்கனதான் இருக்கான். ரெண்டு பேரும் ஒரே வீட்டுல எப்படி ஒத்துப்போறாக? அதச் சொல்லுங்க முதல்ல."

தலைமைப் பாடகர் என்னைப் பார்த்தார். எங்கும் நிறைந்தவன் என்று அறுபது ஆண்டுகளாகப் பாடிவருகிறேன். ஈறின் இடுக்கில் மட்டும் அவனுக்கு இடமில்லை என்று எந்த வாயால் சொல்வேன்? செம்பை வாங்கிக் கொப்பளித்தேன்.

அத்தோடு அவர் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. தனி வைத்தியம் இல்லை என்று மருத்துவர் சொன்னது அவருக்குள் உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. மாட்டுக்கு வயிறு கெட்டால் கிருமியைக் கொல்லக் கொடுக்கும் மாத்திரை ஒன்று உண்டு. சீத்தாப்பழக் கொட்டையைப் போல நாலு மடங்கு இருக்கும். பழைய பெட்டியில் அதில் ஒரு அட்டை வைத்திருந்தார். தம்மை ஒரு கன்றாகப் பாவித்து, எடைக்குத் தக்கபடி அரிவாள்மணையில் நறுக்கி, எவரிடமும் சொல்லாமல் பத்து நாள் விழுங்கிவிட்டார்.

பதினோராம் நாள் பை நிறைந்து வழிந்தது. நாளுக்குப் பதினைந்து முறை மாற்றியும் நிற்கவில்லை. அவருடைய மனைவி அழுதபடி என்னை அழைத்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காய்ந்த கொத்தமல்லிக் கட்டுப்போல் கிடந்தார். ஏற்ற வேண்டிய மருந்து தள்ளிப்போயிற்று.

மருத்துவர் அந்தக் காலி மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "குடல்ல நல்ல பாக்டீரியா கோடிக்கணக்கா இருக்கு ஐயா. அதெல்லாத்தையும் கொன்னுட்டீங்க. காலியான இடத்துல வேற கெட்டது வந்து ஏறிக்கிச்சு. யாரக் கேட்டுச் சாப்பிட்டீங்க?"

மருத்துவர் போனபின் அவர் கூரையைப் பார்த்தபடி பேசினார்.

"அந்தப் புள்ள சொன்னது எனக்குத் தெரியாதாண்ணே? மாடு அசை போடாமப் படுத்துக்கிட்டா நாங்க என்ன செய்வோம்? நல்லா இருக்குற மாட்டுகிட்டப் போயி, அது அசை போடுற உருண்டைய வாய்லருந்து புடுங்கியாந்து, சீக்கு மாட்டு வாய்ல திணிப்போம். அதுல இருக்குற கிருமி உள்ள போயி வேலையத் தொடங்கும். மறுநா மாடு அசை போடும். எத்தன மாட்டுக்குச் செஞ்சிருக்கேன்! ஒரு மாட்டுக்குத் தெரிஞ்ச ஞாயம் எனக்கு மறந்துபோச்சு."

"பயம் வந்தால் எல்லாம் மறக்கும்" என்றேன்.

தலையைத் திருப்பி என்னை உற்றுப் பார்த்தார். கண்ணில் பழைய வெளிச்சம் வந்திருந்தது.

"அண்ணே. உங்களுது சைவக் குடல். ஆயுசுக்கும் கறி படாதது. இந்தக் காலத்துல மனுசருக்கும் அப்படி மாத்திக் குடுக்குறாகளாம். எனக்காக ஒரு கரண்டி…"

"சிவ சிவ!" என்று எழுந்துவிட்டேன்.

ஆனாலும் மறுநாள் மருத்துவரைத் தனியே பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னாருக்கு இன்னது தேவையென்றால் நான் கொடுக்கத் தடையில்லை என்று தெரிவித்தேன். இதுவரை நான் செய்த தானங்களில் இப்படி நா குழறியது வேறெதற்கும் இல்லை. மருத்துவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். குடலில் புற்று வந்தவர் கொடுக்கலாகாது என்றார். இவருக்கு மாத்திரையிலேயே சரியாகிவிடும் என்றும் சொன்னார். நிராகரிக்கப்பட்டதில் எனக்குச் சிறு வருத்தம் இருந்ததை மறைக்க மாட்டேன். அவரிடம் போய்ச் சொன்னபோது, "பாத்தீகளா, உங்க சரக்கு அங்கன தேறல" என்றார்.

வயிற்றோட்டம் நின்றது. மருந்து மீண்டும் ஏறி முடிந்தது. அடுத்த ஆண்டுத் தை வரை, வருகிறானா இல்லையா என்று அந்தக் களவாணியை எதிர்பார்த்தே நாட்கள் போயின. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் உடன் போனேன். மூன்று முறை வரவில்லை. நான்காம் முறை கல்லீரலில் ஐந்தாறு இடங்களில் தெரிந்தது.

மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு, இன்னொரு வகை மருந்து உண்டு, ஏற்றிப் பார்க்கலாம், சிலருக்குக் கேட்கிறது என்று தரையைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனார். இவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"தாயி. நான் ஒரு மாடுன்னு வச்சுக்க. இந்தப் படத்தப் பாத்துட்டு மாட்டுக்காரங்கிட்ட என்ன சொல்லுவ?"

வெளியே அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டார்கள். மருத்துவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஊசி போட்டுச் சித்திரவதை பண்ணாதீங்க, வீட்டுக்கு ஓட்டிட்டுப் போங்கன்னு சொல்வேன் ஐயா. வலி வந்தா மருந்து தர்றேன், எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்கன்னு சொல்வேன்."

"அம்புட்டுத்தான தாயி. நல்லா இரு" என்று அந்தப் பெண்ணின் தலையில் கை வைத்தார். அவருடைய முகத்தில் நான் கண்டது துக்கமல்ல. நேர்பட ஒரு பதில் கிடைத்த நிம்மதி.

வெளியே வந்தோம். உச்சி வெயில். ஆட்டோவுக்குக் கை காட்டப் போன என்னைத் தடுத்தார்.

"அண்ணே, பசிக்குது. எதுத்தாப்ல மெஸ் இருக்கு. வாரீகளா?"

அது அசைவ மெஸ். அப்படியொரு வாசலை நான் மிதித்ததில்லை; அந்தப் பக்கம் காற்றடித்தால் தெருவின் மறுபக்கம் மாறிவிடுவேன். அவர் அதை அறிவார். என் முகத்தைப் பார்க்காமல் தெருவைக் கடந்தார். நானும் கடந்தேன்.

அவர் முன் இலை போட்டார்கள். எனக்கு வேண்டாம் என்று கைகூப்பினேன். என்ன வேண்டுமென்று கேட்ட ஆளிடம், "குடல் கறி இருக்கா?" என்றார்.

"சூடா இருக்கு பெரிசு."

"வை."

சோறும், அதன்மேல் ஆட்டுக்குடல் குழம்பும் வந்தன. நான் டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். ஒரு துண்டைச் சோற்றிலிருந்து தனியே எடுத்து, விரலிடுக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மடிப்பை விரித்துப் பார்த்தார். பிறகு வாயில் போட்டு, இருக்கிற பற்களால் பொறுமையாக மென்றார்.

"நல்லாக் கழுவியிருக்கான்யா" என்றார்.

நாலு வாய்க்குமேல் இறங்கவில்லை. கையை இலையிலேயே வைத்துக்கொண்டு சற்றுநேரம் மூச்சு வாங்கினார். அந்த மெஸ்ஸில் சாப்பிட்டவர்தாம் இலையை மடித்து எடுக்கவேண்டும். சுவரில் எழுதிப் போட்டிருந்தார்கள். விளிம்பைப் பிடித்தார். இலை எழும்பவில்லை.

நான் கையை நீட்டினேன். அவருக்கு எதிரில் அமர்ந்திருந்தேன். இருந்த இடத்திலிருந்தே என் பக்கம் இழுத்து மடித்தால், அது அவருக்குத் துக்க வீட்டு மடிப்பாகிவிடும். எழுந்து, பெஞ்சைச் சுற்றிக்கொண்டு அவருடைய தோளருகே போய் நின்றேன். குழம்பு விரலில் பட, இலையின் மேல்பாதியைப் பிடித்து, அவர் பக்கமாக மடித்தேன்.